லேசா வைக்கணும்

டோக்கன் நூற்றுப் பதினேழு.
ஆம்பூரில் ஐந்தே முக்கால் வண்டி ஏறி
வேலூர் வந்து இறங்கும்வரை
இடது கையை மடியில் வைத்திருந்தேன்
அடுத்தவள் பிள்ளையை வைத்திருப்பது போல.

காலையில் எனக்குப் பின்னால்தான் எழுந்திருக்கும்
என் விரல்கள்.
ஒன்பது மணிக்குச் சீப்பைப் பிடிக்கும்
பத்து மணிக்கு பாட்டில் மூடியைத் திருகும்.
கம்பெனியில் ஷிப்ட் எட்டரைக்கு.

ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள்.
மணிக்கு நாற்பது ஜோடி.
இருபத்தாறில் நின்றுபோன அன்றைக்கு
சூப்பர்வைசர் தனஞ்செயன் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்
தோலில் ஓட்டை தேடுகிற மாதிரி.
"வீக்கமே இல்லையேம்மா தவமணி."

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றது லேப்.
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார் பஜார் டாக்டர்.
எல்லாம் மனசுலதான் என்றார் வீட்டுக்காரர்
கிரைண்டரில் மாவைத் தள்ளிக்கொண்டே.
அதையும் சொல்லத்தான் வேண்டும்,
மாவு அவர்தான் ஆட்டினார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளத்துப் பெண்.
இரண்டு ராத்திரி ரயில், சந்துக்குள் லாட்ஜ்,
புருஷன் கையில் ஃபைல் நிறைந்த மஞ்சள் பை.
அவள் விரல் கணுக்களைத் தொட்டுக் காட்டினாள்.
நான் மணிக்கட்டைக் காட்டினேன்.
பொதுவாய் ஒரு மொழியும் இல்லாமல்
அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

உள்ளே ஏசி.
கையில் பிதுக்கிய பசை
இந்தச் சித்திரையில் எனக்குக் கிடைத்த முதல் குளிர்ச்சி.
திரையில் சாம்பல் நிறத்தில் மணல்,
பாலாறு மாதிரி
எங்கேயும் ஒன்றும் ஓடவில்லை.

போர் போட இடம் பார்க்க வருகிறவர்
உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடப்பாரே
அப்படித்தான் நகர்த்தினான் படிக்கிற பையன்.
நின்றான். அழுத்தினான். இன்னும் அழுத்தினான்.
பெரிய டாக்டரம்மா அவன் கையைத் தூக்கிவிட்டார்.
"அழுத்தாதே.
அழுத்தினா அணைஞ்சிடும்.
லேசா வைக்கணும்."

அவன் லேசாக வைத்தான்.

விறகடுப்பை ஊதினதும் கங்கு முழிக்குமே,
சிவப்பு, ஆரஞ்சு, மறுபடி சிவப்பு,
என் நாடிக்குத் தக்கபடி மினுக்கி மினுக்கி.
"இதுதாம்மா. உள்ளே வீங்கியிருக்கு."
இருக்கா?
"இருக்கு."

நோய் இருக்கிறதென்று எவளாவது சந்தோஷப்படுவாளா.
பட்டேன்.
இரண்டு வருஷமாய் எத்தனை பேர்
இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா என்று
கட்டைவிரலால் அமுக்கியிருப்பார்கள்.
எல்லாரும் அணைத்துவிட்டுத்தான் தேடியிருக்கிறார்கள்.

பிறகு எலும்போரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார்,
எலி கடித்த அடை மாதிரி.
சின்னதுதான் என்றார்.
சந்தோஷம் அதோடு போயிற்று.

படம் ஒன்று கேட்டு வாங்கினேன், தனஞ்செயனுக்கு.
வழவழப்பான தாளில் வந்தது
கறுப்பு வெள்ளையில்.
நெருப்பு இருந்த இடத்தில்
விபூதி சிந்தினது போல ஒரு வெளுப்பு.
இதை வைத்து என்ன நிரூபிக்க.

வெளியே மைக்கில் கூப்பிட்டார்கள்: ஜோத்ஸ்னா மண்டல்.
அவள் போனாள்.
சீக்கிரமே வந்தாள்.
என் பார்வைக்குப் புருஷன்தான் பதில் சொன்னார், சிரித்துக்கொண்டே,
"குச் நஹி."
வேலூரில் பூ விற்கிறவளுக்கும் தெரிந்த இந்தி அது.
ஒன்றும் இல்லை.
நல்ல சேதிதான்.
அவள் மட்டும் இரண்டு கைகளையும்
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.
அந்தச் சொல்லை இரண்டு வருஷம் மாட்டிக்கொண்டு நடந்தவள் நான்,
எங்கே கடிக்கும் என்று தெரியும்.

என் படத்தைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டு
அவள் கையை வாங்கிக்கொண்டேன்.
அழுத்தவில்லை.
அவள் நீளமாக ஏதோ சொன்னாள், அவள் பாஷையில்.
ஆமாம் என்றேன்.
இன்னும் ஏதோ சொன்னாள்.
ஆமாம்.